ஒரு மணி நேரக் கேசட்டும் ஒரு வரிக் குறியும்

இணையதளம் கட்டுவதைத் தொழிலாகவும் வீடியோ எடுப்பதைப் பொழுதுபோக்காகவும் வைத்திருந்த ஒருவருக்கு, 2003, 2004 வாக்கில் ஒரு மினிடிவி கேமரா பெரிய சொத்து. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கேசட், 60 நிமிடம் பதியும். பதிந்ததைக் கணினியில் ஏற்ற ஃபயர்வயர் கேபிளைச் செருகிக் கேசட்டை ஓடவிட வேண்டும். குறுக்குவழி கிடையாது, ஒரு மணி நேரம் எடுத்தது ஏற ஒரு மணி நேரமே ஆகும். ஏறி முடிந்தால் ஹார்டு டிஸ்கில் ஏறக்குறைய 13 ஜிபி போயிருக்கும். 40 ஜிபி டிஸ்க் என்றால் மூன்று கேசட்டோடு மூச்சு முட்டிவிடும். ஒன்றை எடிட் செய்து முடித்து அழித்த பிறகுதான் அடுத்தது.

எரிச்சலான வேலைதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில், எடுத்தவர் தாம் எடுத்தது அத்தனையையும் பார்த்துவிடுவார். கை எங்கே நடுங்கியது, மைக்கில் காற்று எங்கே அடித்தது, தாத்தா பேச வாயெடுத்தபோது கேமரா ஏன் பந்தல் தோரணத்துக்குப் போனது என்பதெல்லாம் கண்ணில் படும். இன்று கைபேசியிலிருந்து கணினிக்கு நகலெடுக்கச் சில நிமிடம் போதும். திறந்து பார்க்கக்கூடத் தேவையில்லை. எடுத்தவரே முழுதாய்ப் பார்த்திராத வீடியோக்கள் இன்று எல்லார் கைபேசியிலும் குவிந்து கிடக்கின்றன.

படத்தின் தரத்தில் அன்றையதைப் புகழ ஒன்றுமில்லை. நம் நாட்டின் ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறையில் மினிடிவி படம் 720-க்கு 576. மொத்தம் 4,14,720 புள்ளிகள். இன்றைய கைபேசியின் 4கே படத்தில் 82,94,400. சரியாக 20 மடங்கு. வேடிக்கை என்னவென்றால், ஹெச்இவிசி முறையில் சுருக்கிய ஒரு மணி நேர 4கே படம் ஐபோனில் சுமார் 10 ஜிபிதான், பழைய கேசட் அடைத்துக்கொண்டதைவிடக் குறைவு. அன்றைய முறை ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே சுருக்கியது. இன்றைய முறை முந்தைய ஃபிரேமிலிருந்து மாறியதை மட்டும் குறித்துக்கொள்கிறது. சுவர் நகரவில்லை என்றால் சுவரைத் திரும்ப எழுதுவானேன்?

எடுத்ததை இணையப் பக்கத்தில் போடுவதுதான் உண்மையான பாடு. இரண்டு நிமிடப் படத்தை 320-க்கு 240 என்று குறுக்கி, 5 எம்பிக்குள் அடக்க வேண்டும். டயல்-அப் இணைப்பில் அது இறங்கக் கால் மணி நேரம். 2005-இல் பிஎஸ்என்எல் 256 கேபிபிஎஸ் பிராட்பேண்ட் வந்த பிறகு மூன்று நிமிடம். ரியல் பிளேயருக்கு ஒரு கோப்பு, விண்டோஸ் மீடியாவுக்கு ஒரு கோப்பு, குவிக்டைமுக்கு இன்னொன்று. ஃபிளாஷ் வந்து அந்தச் சண்டையைத் தீர்த்தது. அதற்கும் ‘ஆப்ஜெக்ட்’ குறிக்குள் ‘எம்பெட்’ குறியை வைத்து, அகல உயரத்தை இரண்டு இடத்தில் எழுதி, எழுத்தும் எண்ணும் கலந்த 32 இலக்க அடையாளத்தைச் சேர்க்க வேண்டும். அதை மனப்பாடமாக எழுதியவரை நான் பார்த்ததில்லை; எல்லாரும் எங்கிருந்தோ நகலெடுத்தார்கள். 2014-இல் ஹெச்டிஎம்எல்5 அதிகாரபூர்வத் தரமானது. இப்போது ‘வீடியோ’ என்று ஒரு வரிக் குறி போதும்.

தமிழில் எடுத்தவர்களுக்கு இன்னொரு தொல்லை இருந்தது. எடிட்டிங் மென்பொருளில் யுனிகோட் தமிழை இட்டால் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று பிரிந்து நிற்கும். அதனால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் சப்டைட்டில் அடித்துப் படத்தோடு ஒட்டிவிடுவார்கள். அது கண்ணுக்குத் தெரியும், தேடலுக்குத் தெரியாது. இன்று சப்டைட்டில் தனிக் கோப்பு. திருத்தலாம், தேடலாம், வேறு மொழியிலும் இணைக்கலாம். இந்த ஒன்றுக்காகவே பழைய காலம் திரும்ப வேண்டாம் என்பேன்.

பெயர் கிடைப்பது அன்று தண்டனையாக முடிந்தது. 5 எம்பி படத்தை 1000 பேர் பார்த்தால் 5 ஜிபி. சிறிய ஹோஸ்டிங் கணக்கின் மாத அளவே அதைச் சுற்றித்தான் இருக்கும். அதைத் தாண்டினால் 509 என்ற பிழை எண்ணோடு பக்கம் மூடிக்கொள்ளும். 2005-இல் யூடியூப் வந்து அந்தச் சுமையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. இன்று விதி தலைகீழ். விளம்பர வருமானம் வேண்டுமென்றால் 1000 சந்தாதாரர்களோடு, ஓராண்டில் 4000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று 2018-இல் யூடியூப் வரம்பு வைத்தது. புதுக்கோட்டை மாவட்டத்து வயல்வெளியில் சமைத்துக் காட்டிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. பழைய ஹோஸ்டிங் முறையில் அப்படி ஒரு வெற்றியை நினைத்துப் பார்க்கவே முடியாது. முதல் நாளே தளம் முடங்கியிருக்கும்.

ஆனால் இடம் மாறிவிட்டது. அன்று படம் என் சர்வரில், நான் வைத்த பெயரில், நான் கட்டிய பக்கத்தில் இருந்தது. பத்துப் பேர் பார்த்தாலும் பக்கத்தில் அடுத்து என்ன இருக்கும் என்பதை நான் முடிவு செய்தேன். இன்று அடுத்த வீடியோவை அல்காரிதம் முடிவு செய்கிறது. வலை வடிவமைப்பாளரின் வேலை, இன்னொருவர் பிளேயருக்குச் சட்டம் மாட்டுவதாகச் சுருங்கிவிட்டது. போதாததற்கு, 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷுக்கான ஆதரவும் நின்றது. அதை நம்பிக் கட்டிய பக்கங்களில் இன்று வெறும் கட்டம்தான் தெரிகிறது.

மினிடிவி கேசட் வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் இணைப்பு கிடையாது. ஓடும் நிலையில் உள்ள கேமராக்களும் குறைந்துகொண்டே வருகின்றன. ஓடக்கூடிய கேமரா ஒன்றும் பழைய கணினி ஒன்றும் இப்போதே தேடிப் பிடித்து, கேசட்டுகளைக் கோப்பாக மாற்றி இரண்டு இடங்களில் வையுங்கள். யூடியூபில் ஏற்றியதை ஒரு பிரதி என்று கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே இருப்பது மறுபடி சுருக்கப்பட்ட நகல்.