உங்களுக்குத் தெரியுமா? விமானியின் மணிக்கணக்கு

விமானியின் லாக் புக்கில் ஏறுவது வானில் இருந்த நேரம் மட்டுமல்ல. புறப்படுவதற்காக விமானம் முதலில் நகரும் நொடியில் தொடங்கும் கணக்கு, தரையிறங்கி முழுவதுமாக நின்ற பிறகே முடியும். ஓடுபாதைக்கு முன்னால் வரிசையில் காத்துக் கிடந்த நிமிடங்களும் பறந்த கணக்குதான்!

இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் வேண்டும். பயணிகள் ஜெட்டின் கேப்டனாகத் தேவைப்படும் ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500. அதனால் லாக் புக்கில் இல்லாத மணிகளை எழுதி, பேனாவிலேயே 'பறந்தவர்களும்' உண்டு. 'பார்க்கர் பேனா நேரம்' என்று சக விமானிகள் அதைக் கேலி செய்வார்கள். 2011-இல் ராஜஸ்தானில் இப்படிப் பறக்காத மணிகள் வழக்காகவே வெடித்தன. விமானத்துக்கும் தனியாக லாக் புக் இருக்கிறதே! இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பொய் மணி துருத்திக்கொண்டு நிற்கும்.