மலையேறி வரும் கல்லூரிகளிடம் கேட்க வேண்டியவை

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு, அங்கிருந்து மஞ்சக்குட்டை. இந்தப் பாதையில் ஏறி வரும் கல்லூரி வண்டிகளை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாம், இலவச மருத்துவ முகாம், ஆராய்ச்சிக் கணக்கெடுப்பு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருக்கும். பள்ளிக்கூட வாசலில் பேனர் கட்டுவார்கள். பிரஷர் பார்ப்பார்கள், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள், சத்து மாத்திரை கொடுப்பார்கள். பொழுது சாய்வதற்குள் வண்டி மலையிறங்கிவிடும்.

இந்த ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வந்த பிள்ளைகள் எல்லாம் தங்கமான பிள்ளைகள். ஆனால் ஒரு கல்லூரியும் ஓர் ஊரும் உடல்நலத்துக்காகக் கைகோத்தால் இதைவிட எவ்வளவோ பெரிய காரியங்கள் நடக்கும். நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கின்றன. அதை மலையில் உள்ள எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலையில் இருந்தபோது ஒரு கல்லூரியிலிருந்து வந்து பெண்களிடம் ரத்தம் எடுத்தார்கள். வீடு வீடாகப் போய் அழைத்து வந்தவள் நான்தான். சில மாதம் கழித்து ஓர் ஆயா வழிமறித்துக் கேட்டார்: "நர்ஸம்மா, எம் மருமவகிட்ட ஒரு குழா ரத்தம் எடுத்தாங்களே, அதுல என்னம்மா இருந்துச்சு?" என்னிடம் பதில் இல்லை. கடிதம் எழுதிக் கேட்டேன். அதற்கும் பதில் இல்லை.

அந்த மருமகளைத் துணை சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னேன். அப்போது எங்களிடம் இருந்தது சாலி ஹீமோகுளோபின் பெட்டிதான். விரல் நுனியில் குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தை உறிஞ்சி, அமிலம் விட்ட சோதனைக் குழாயில் கலக்க வேண்டும். ரத்தம் பழுப்பாக மாறும். பக்கத்தில் பதித்திருக்கும் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துவரும் வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். ஒத்துவந்ததும் குழாயில் உள்ள கோட்டைப் படித்து அங்கேயே சொல்லிவிடலாம். "எட்டுதாம்மா இருக்கு. மாத்திரையை ராத்திரி சாப்பிட்டுட்டுப் போடு. காபி, டீ கூடப் போடாதே, சத்து உடம்புல ஒட்டாது" என்றேன். காபித் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் மாத்திரை மட்டும் கொடுத்து என்ன பயன்? அவ்வளவு எளிய சோதனைதான். ஆனால் முடிவு அவளிடமே போய்ச் சேர்ந்தது.

இனி வேலூருக்கு வருகிறேன். 1900இல் ஒற்றைக் கட்டிலோடு ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.). அவர் நோயாளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வாரந்தோறும் சாலையோர மரத்தடிகளில் நிறுத்தி வைத்தியம் பார்த்துக்கொண்டே குடியாத்தம் வரை போய் வந்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அந்த வழியில் 1950களில் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை, பக்கத்தில் உள்ள கணியம்பாடி ஒன்றியத்தைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டது. எண்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள், ஒரு லட்சத்துக்கும் அதிகமான மக்கள். இன்றுவரை விடவில்லை.

அங்கே வேலை நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். அந்தந்த ஊரிலேயே வாழும் ஒரு பெண் பகுதிநேர சுகாதாரப் பணியாளர். ஊரில் யார் கர்ப்பம், எந்த வீட்டில் குழந்தை பிறந்தது, யார் இறந்தார் என்பதை அவர் வாராவாரம் சொல்கிறார். அவருக்கு மேல் உள்ள சுகாதார உதவியாளர் வீட்டுக்கே போய் அதைச் சரிபார்க்கிறார். பிறகு செவிலியர், அவருக்குப் பிறகு மருத்துவர். 1980களிலேயே இந்தக் கணக்கைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். கல்லூரியில் மாணவர் மாறுவார், பேராசிரியர் ஓய்வு பெறுவார். கணக்கு மட்டும் தொடர்ந்து நடந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கு வெளிக்கொண்டு வந்த ஓர் உண்மை உலகத்தையே உலுக்கியது. 1992 முதல் 2001 வரை கணியம்பாடியில் இறந்த 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளின் விவரங்களைச் சி.எம்.சி. மருத்துவர்கள் ஆராய்ந்து, 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண் பிள்ளைகளில் 148 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். ஆண் பிள்ளைகளில் 58 பேர். அந்த வயதுப் பெண் பிள்ளைகளின் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலைதான். காவல் நிலையப் பதிவேடுகள் காட்டியதைவிட இது பல மடங்கு. வயிற்றுவலி, காய்ச்சல் என்று ஊர் மூடிமறைத்த சாவுகளின் காரணம், அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து பேச முடிந்த உள்ளூர்ப் பெண்ணுக்குத்தான் தெரிய வந்தது. எண்ணப்படாத சாவைத் தடுக்க யாரும் திட்டம் போட மாட்டார்கள். (மனம் தாங்காத நேரத்தில் 104 அல்லது 14416 எண்ணில் தமிழில் பேசலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.)

அதே சி.எம்.சி. 1977இல் வேலூருக்கும் குடியாத்தத்துக்கும் இடையில் உள்ள கே.வி.குப்பம் ஒன்றியத்தில் 'ரூசா' என்ற அமைப்பைத் தொடங்கியது. மருத்துவர் தலீப் முகர்ஜி அதன் முதல் இயக்குநர். அங்கே வைத்தியம் மட்டும் பார்க்கவில்லை. இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி, கால்நடை வளர்ப்பு, பெண்கள் குழு என்று எல்லாவற்றையும் சேர்த்தே கையில் எடுத்தார்கள். கூலி கிடைக்காத வீட்டில் மாத்திரைச் சீட்டு என்ன செய்யும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

இந்தப் புரிதல் வெளிநாடுகளிலும் இப்படித்தான் ஊருக்குள் போய்ப் பிறந்தது. தென்னாப்பிரிக்காவின் ஃபோலேலாவில் 1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதி, ஒரு கிராமப் பகுதி முழுவதையுமே தங்கள் நோயாளியாக எண்ணி வேலை செய்தார்கள். மாணவராக அங்கே போய்க் கற்றுக்கொண்ட ஜாக் கைகர் என்ற அமெரிக்கர், 1960களில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் துணையோடு மிசிசிப்பி மாநிலத்து மவுண்ட் பேயூவில், ஏழைக் கறுப்பின மக்களுக்காகச் சுகாதார மையம் தொடங்கினார். பட்டினியில் வாடிய பிள்ளைகளுக்கு அங்கிருந்த மருத்துவர்கள் சீட்டில் உணவை எழுதிக் கொடுத்தார்கள். கடைக்காரருக்கு மருந்துக் கணக்கிலிருந்து பணம் போனது. அதிகாரிகள் ஆட்சேபித்தபோது, ஊட்டக்குறைவுக்கு மருந்து உணவுதான் என்று கைகர் உறுதியாக நின்றார்.

இப்படி ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒரு பெரிய மனசுக்காரர் வர வேண்டும் என்று ஊர்கள் காத்திருக்க முடியுமா? அதனால்தான் கல்லூரிகளையும் ஊர்களையும் இணைப்பதையே வேலையாகக் கொண்ட அமைப்புகள் உருவாயின. ஊரை மையமாக வைத்துப் பாடம் நடத்தும் மருத்துவக் கல்லூரிகள் 1979இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கூடி ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. இன்று 'நலத்துக்கான ஒற்றுமையை நோக்கி' என்று பொருள்படும் பெயரில் அது இயங்குகிறது. 1990களில் அமெரிக்காவில் 'உடல்நலத்துக்கான சமூக-பல்கலைக்கழகக் கூட்டாண்மை' என்ற அமைப்பு தொடங்கியது. நம் நாட்டில் 1982இல் ராஜேஷ் டாண்டன் நிறுவிய 'பிரியா' என்ற அமைப்பு இருக்கிறது. மக்களோடு சேர்ந்து செய்யும் ஆராய்ச்சிக்காக 2012இல் யுனெஸ்கோ ஏற்படுத்திய இருக்கைக்கு, கனடாவின் பட் ஹாலோடு அவரும் இணைத் தலைவர் ஆனார்.

இந்த அமைப்புகளில் உள்ளவர்கள் ஊசி போடுவதில்லை, மாத்திரை கொடுப்பதில்லை. ஊருக்கும் கல்லூரிக்கும் நடுவில் நின்று பேசித் தீர்க்க வேண்டியதைத் தீர்க்கிறார்கள். வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தம் எழுத வைக்கிறார்கள். வரும் பணத்தில் ஊருக்கு எவ்வளவு, எடுத்த விவரம் யாருக்குச் சொந்தம் என்பது அதில் இருக்கும். ஆராய்ச்சி நியாயமானதா என்று பார்க்கும் குழுவில் ஊர்க்காரர்கள் உட்கார வழி தேடுகிறார்கள். பேராசிரியர்களுக்காகவும் பேசுகிறார்கள். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை மட்டும் எண்ணிப் பார்த்தால், மழையில் நனைந்து மறுபடி மறுபடி ஊருக்கு வரும் ஆசிரியர் பின்தங்கிப் போவார். ஊரில் செய்த வேலையையும் மதிப்பிட வேண்டும் என்று பல்கலைக்கழகங்களை வற்புறுத்துகிறார்கள். வந்தவர்கள் ஏன் திரும்ப வருவதில்லை என்பதற்கான விடைகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

நம் நாட்டில் சட்டதிட்டத்துக்குக் குறைவில்லை. 1977லேயே ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஒன்றியங்களைக் கவனிக்க வேண்டும் என்று மத்திய அரசு திட்டம் போட்டது. பெரும்பாலான இடங்களில் அது நிலைக்கவில்லை. 2022 முதல் தேசிய மருத்துவ ஆணையம், எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டிலேயே சில கிராமக் குடும்பங்களின் பொறுப்பை ஏற்றுப் படிப்புக் காலத்தில் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறது. மலையடிவாரத்தில், சேலத்தில், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986 முதல் இருக்கிறது. இந்தத் திட்டம் மலைக் கிராமங்கள் வரை வர வேண்டும் என்பது என் ஆசை. ஒரு மாணவர் அதே வீட்டுக்குப் பல ஆண்டுகள் வந்து போனால், அந்த வீட்டின் சர்க்கரை நோயையும் தெரிந்துகொள்வார், பஸ் இல்லாத மழை இரவில் பிரசவ வலி கண்டால் என்ன பாடு என்பதையும் தெரிந்துகொள்வார்.

கல்லூரி இல்லாமலும் நிலைத்த வேலைக்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் குடியேறினார்கள். எங்கள் மலையைப் போலவே அங்கும் மலையாளிப் பழங்குடியினர்தான். அந்த ஊர்ப் பெண்களுக்கே செவிலியம் கற்றுக்கொடுத்து, அவர்களை வைத்தே மருத்துவமனை நடத்துகிறார்கள். கணியம்பாடியும் சிட்டிலிங்கியும் எனக்குச் சொல்வது ஒன்றே: ஊரில் தங்கும் ஒருவர், அதுவும் அந்த ஊர்ப் பெண், சம்பளத்தோடும் மரியாதையோடும் அந்த வேலையில் இருந்தால்தான் மற்றதெல்லாம் நிற்கும்.

ஆகவே இனி மலையேறி வரும் ஒவ்வொரு கல்லூரியிடமும் மூன்று கேள்வி கேட்போம்.

நீங்கள் இறங்கிப் போன பிறகு இங்கே யார் இருப்பார்? எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்காவது பயிற்சியும் ஊதியமும் உண்டா?

முடிவு எப்போது, யார் மூலம் எங்களுக்கு வரும்? ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுத்தால், ஒப்புதல் படிவம் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், அதன் நகல் நம் கையில் இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017இல் வெளியிட்ட நெறிமுறையிலேயே இது இருக்கிறது. பழங்குடிப் பகுதிகளில் அரிவாள் செல் ரத்தசோகையைக் கண்டறியும் தேசிய இயக்கம் 2023இல் தொடங்கியிருக்கிறது. அது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் நோய். கல்யாணத்துக்கு முன்பே முடிவு தெரியாவிட்டால் அந்தச் சோதனையில் பாதிப் பயன் போய்விடும்.

எதை ஆராய்வது, எப்போது வருவது என்று எங்களைக் கேட்டீர்களா? காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் காலை பத்து மணிக்கு முகாம் போட்டால் வீட்டில் வயசானவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். ரத்தசோகை உள்ள பெண்கள் தோட்டத்தில் நிற்பார்கள்.

படித்தவர்களிடம் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று நம் மக்கள் ஒதுங்கிப் போகிறார்கள். கேள்வி கேட்கும் ஊரில்தான் மருத்துவப் பிள்ளைகளும் நன்றாகப் படிப்பார்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வரும் அக்டோபர் 2 கூட்டத்தில், இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லும் கல்லூரிகளை வரவேற்று, நம் ஊரில் தொடர்ந்து வேலை செய்ய அழைப்பு விடுக்கும் தீர்மானத்தை நான் முன்வைக்கப் போகிறேன். மஞ்சக்குட்டைப் பெண்கள் அன்று ஒரு பொழுது வேலையை ஒதுக்கிவிட்டு வந்து, என்னோடு கை தூக்க வேண்டும்.