பட்டியலில் பெயர் ஏறிவிட்டால்

அந்நிய தேசத்தில் குடியேறி, இரவென்றும் பகலென்றும் பாராமல் உழைத்து, ஒரு மளிகைக் கடையையோ ஊருக்குப் பணம் அனுப்பும் நிலையத்தையோ ஊன்றி நிறுத்தி, நாலு பேர் மதிக்க வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு ஒருநாள் காலைத் தபாலில் வங்கியிலிருந்து இரண்டே வரியில் ஒரு கடிதம் வருகிறது: அவருடைய கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, மேல்விவரம் சொல்வதற்கில்லை. 'நாம் ஒரு தப்பும் செய்யவில்லையே, இது தானாகச் சரியாகிவிடும்' என்று அந்தக் கடிதத்தைக் கல்லாப்பெட்டியின் அடியில் சொருகிவிட்டு அவர் வியாபாரத்தைக் கவனிக்கப் போய்விடுகிறார். இன்னொருவர் இதே நிலையில் பதறிப்போய், கையிலிருக்கும் மற்றப் பணத்தையெல்லாம் பொழுது சாய்வதற்குள் மைத்துனர் பெயருக்கு மாற்றிவிடுகிறார். மூன்றாமவர், கடை தேடி வந்த அதிகாரிகளை உட்காரவைத்து உபசரித்து, கேட்டதற்கும் கேளாததற்கும் வழக்கறிஞர் துணையின்றி மணிக்கணக்கில் பதில் சொல்லி, அந்தப் பேச்சில் ஒரு தேதியை மாற்றிச் சொல்லிவிடுகிறார். மூவரும் நிரபராதிகளே. ஆயினும் பயங்கரவாதிகளோடு சம்பந்தம் என்ற வீண்பழி செய்திருக்கக்கூடிய தீங்கைக் காட்டிலும் பெரிய தீங்கை அவர்கள் தங்கள் கையாலேயே தேடிக்கொள்கிறார்கள். இதே தவறுகள் திரும்பத் திரும்ப நிகழ்வதைக் கண்டு பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

இத்தகைய பழி எவ்வளவு சுலபமாக வந்து சேரும் என்பதற்கு 'அல் பரகாத்' விவகாரம் ஒன்றே போதும். 1991இல் சோமாலியாவின் ஆட்சி குலைந்து, வங்கி என்று சொல்லத்தக்கதே இல்லாமற் போன பின், வெளிநாடுகளில் உழைத்த சோமாலியர்கள் தங்கள் தாய்தந்தையர்க்கு அரிசிக்கும் மருந்துக்கும் பணம் அனுப்பிய முக்கியமான வழி அந்த ஸ்தாபனம். 2001 செப்டம்பர் 11ஆம் தேதிய தாக்குதல்களுக்குப் பிறகு ஜனாதிபதி புஷ் கையெழுத்திட்ட 13224ஆம் எண் ஆணையின்படி, அதே ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி அமெரிக்காவின் பல நகரங்களில் அதன் கிளைகள் சோதனையிடப்பட்டு மூடப்பட்டன. சியாட்டிலில், அதே கட்டடத்தில் கடை வைத்திருந்த குற்றத்துக்காக ஒரு மளிகைக் கடையின் சரக்கும் சேர்த்து அள்ளிச் செல்லப்பட்டது. கனடாவின் ஒட்டாவா நகரத்திலே அத்தகைய நிலையம் நடத்திய சோமாலிய வியாபாரி ஒருவருடைய பெயர் அமெரிக்காவின் பயங்கரவாதத் தடைப்பட்டியலிலும், ஐக்கிய நாடுகள் சபையின் பட்டியலிலும், அவர் குடியிருந்த நாட்டின் பட்டியலிலும் ஏறிற்று. அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வதே குற்றமாயிற்று. ஆதாரம் எதுவும் இல்லையென்று 2002ஆம் ஆண்டு கனடா அரசாங்கமே அவர் பெயரை நீக்கிற்று. அதற்குள் அவருடைய தொழில் போயிருந்தது. செப்டம்பர் 11 விசாரணைக் கமிஷனின் அலுவலர்கள் பின்னர் அல் பரகாத் விவகாரத்தை ஆராய்ந்து எழுதியபோது, அல் காயிதாவுக்கு அந்த ஸ்தாபனம் பணம் கொடுத்ததாக மெய்ப்பிக்கும் சான்றை அமெரிக்கப் புலனாய்வாளர்களால் காண முடியவில்லை என்பதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

பட்டியல் என்பது நியாயஸ்தலத்தின் தீர்ப்பு அன்று என்பதை வாசகர் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அது நிர்வாகத்தின் ஆணை. நோட்டீஸ் கொடுத்து, சாட்சியை விசாரித்து, பிறகு தண்டிப்பது என்ற முறை அங்கே இல்லை. சொத்தை முதலில் முடக்கிவிட்டு, நிரபராதி என்று காட்டும் சுமையைப் பட்டியலில் ஏறியவர் தலையிலேயே ஏற்றுகிறார்கள். ரகசியம் என்ற பெயரால் ஆதாரத்தின் பெரும்பகுதி மறைத்து வைக்கப்படவும் கூடும். ஒரு மனிதனுடைய சோற்றில் கைவைக்கும் அதிகாரம் படைத்தவர்கள் அவன் பிறந்த தேதியைச் சரிபார்க்கும் சிரமத்தைக் கூடப் பல சமயங்களில் எடுத்துக்கொள்வதில்லை என்பது மன்னிக்கத்தக்க அலட்சியம் அன்று. ஆனால் அதிகாரிகளை ஏசுவதால் முடங்கிய கணக்கு திறந்துவிடாது. திறக்கும் வழி காகிதத்தில் இருக்கிறது.

அந்த வழியில் முதற்படி, வந்திருப்பது எந்தத் தொல்லை என்று நிச்சயித்துக்கொள்வது. பட்டியலில் இருப்பது உங்கள் பெயரேதானா, உங்களுடையதைப் போன்ற வேறொருவர் பெயரா, அல்லது எந்தச் சர்க்கார் பட்டியலிலும் இல்லாமல் தனியார் ஒருவரின் தகவல் தொகுப்பில் மட்டும் உங்கள்மீது சந்தேகக் குறி விழுந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து அணுகவேண்டிய அலுவலகமே மாறுகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வங்கிக் கிளை மேலாளரிடமும் ஊர்ப் பிரமுகரிடமும் மன்றாடிக்கொண்டு மாதக்கணக்கில் காலத்தைப் போக்கியவர்கள் பலர். அமெரிக்க நிதித்துறையைச் சேர்ந்த வெளிநாட்டுச் சொத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் பட்டியல் - அந்த அலுவலகத்தைச் சுருக்கமாக 'ஓஃபாக்' என்பார்கள் - யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கக்கூடியது. உங்கள் பெயரை அதில் தேடி, அங்கே காணப்படும் பிறந்த தேதி, பிறந்த ஊர், பாஸ்போர்ட் எண், மாற்றுப்பெயர்கள் ஆகியவற்றை உங்கள் ஆவணங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, அந்தப் பக்கத்தை அன்றைய தேதியோடு அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் பெயரும் தன் பெயரும் ஒரு தஸ்தாவேஜில் முன்னும் மற்றொன்றில் பின்னுமாக எழுதப்படுவது நம்மவர்க்குச் சர்வசாதாரணம். விடுதலைப் புலிகள் இயக்கம் 1997இல் அமெரிக்காவிலும் 2006இல் கனடாவிலும் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டிருப்பதால், தமிழ் வியாபாரிகள் இந்தப் பெயர்க் குழப்பத்தை அற்பமாக எண்ணிவிடக் கூடாது.

பெயர் ஒற்றுமையினால் மட்டுமே பணம் முடங்கியிருந்தால், அமெரிக்கச் சட்டம் அதற்கென்றே ஒரு வழியை வைத்திருக்கிறது; அதை அறிந்தவர்கள் மிகச் சிலர் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். கூட்டாட்சி விதித்தொகுப்பின் 31ஆம் தலைப்பில் 501.806 என்ற விதியின்கீழ், தவறான அடையாளத்தால் முடக்கப்பட்ட பணத்தை விடுவிக்கக் கோரி ஓஃபாக்குக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். எந்த எந்த வங்கிகளின் வழியாகப் பணம் சென்றது, தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் முடங்கியது, அனுப்பியவர் யார், யாருக்குப் போய்ச் சேரவேண்டியது, அந்தப் பணத்தில் உங்களுக்குள்ள பாத்தியதை என்ன என்பவற்றையெல்லாம் அதில் தெளிவாகச் சொல்ல வேண்டும். சரக்குக்கான பணமாயின் விலைப்பட்டியல், கப்பல் சரக்குச் சீட்டு முதலியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். பட்டியலில் உள்ளவர் நீங்கள் அல்லர் என்று நீங்கள் நம்பும் காரணத்தை, 'நான் நல்லவன், ஊரைக் கேட்டுப் பாருங்கள்' என்று உருக்கமாக எழுதாமல், 'அவர் பிறந்த ஆண்டு இது, என்னுடையது இது. அவர் பாஸ்போர்ட் இன்ன நாட்டது, என்னுடையது இன்ன நாட்டது' என்று வரிக்கு வரி ஒப்பிட்டு எழுதுங்கள். விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரிக்கு உங்கள் கண்ணீர் பிரயோஜனப்படாது. இரண்டு பிறந்த தேதிகள் பிரயோஜனப்படும்.

பட்டியலில் இருப்பது உங்கள் பெயரே என்றால் அடுத்த விதியாகிய 501.807 பொருந்தும். பெயரை நீக்கும்படி விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது; வழக்கறிஞர் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, எனினும் வழக்கறிஞர் இல்லாமல் இதில் இறங்குவது அறிவுடைமை ஆகாது. பட்டியலில் சேர்த்ததற்கு ஆதாரமில்லை என்றும் வாதிக்கலாம். அப்போதைய சூழ்நிலை இப்போது இல்லை என்றும், இன்ன நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன் என்றும் காட்டலாம். அலுவலகத்திலிருந்து வரும் கேள்விக்கொத்துக்கு ஒவ்வொரு பதிலும் ஒரு காகிதத்தால் தாங்கப்பட்டிருக்க வேண்டும். மறுக்கப்பட்டால் புதிய ஆதாரத்தோடு மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை. கூட்டாட்சி நியாயஸ்தலத்தில் வழக்கிடும் வழியும் உண்டு. இதற்கிடையில் முடக்கப்பட்ட பணத்திலிருந்து கடை வாடகை கொடுக்கவும், சிப்பந்திகளுக்குச் சம்பளம் கொடுக்கவும், வழக்கறிஞருக்கே கட்டணம் செலுத்தவும்கூட ஓஃபாக்கின் உரிமம் முன்கூட்டியே வேண்டும். அந்த விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே போடுங்கள்.

கனடாவில் இருப்பவர்க்கு வேறு வழி. குற்றவியல் சட்டத்தின் 83.07ஆம் பிரிவின்படி, 'நான் பட்டியலில் குறிக்கப்பட்டவன் அல்லன்' என்று சான்றிதழ் தரும்படி பொதுப் பாதுகாப்பு அமைச்சருக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம், ஐ.நா. தீர்மானங்களை ஒட்டிய பட்டியலாயின் விண்ணப்பம் வெளிவிவகார அமைச்சருக்குப் போக வேண்டும். ஐ.நா. சபையின் அல் காயிதா, ஐ.எஸ். தடைப்பட்டியலிலேயே பெயர் இருக்குமானால், 2009இல் பாதுகாப்புச் சபையின் 1904ஆம் தீர்மானம் ஏற்படுத்திய குறைதீர்ப்பாளரிடம் நேரடியாக மனுச் செய்யலாம். இந்தப் பதவி சும்மா வந்துவிடவில்லை; காரணம் சொல்லாமலும் வாதத்தைக் கேளாமலும் ஒருவர் சொத்தை முடக்கலாகாது என்று காதி என்பவரும் அல் பரகாத் அமைப்பும் தொடுத்த வழக்குகளில் 2008 செப்டம்பர் 3ஆம் தேதி ஐரோப்பிய நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது அதற்குப் பெருந்தூண்டுதலாயிற்று. ஆனால் அந்தக் குறைதீர்ப்பாளருக்கு அந்த ஒரு பட்டியலைத் தவிர மற்றவற்றில் அதிகாரம் இல்லை. அமெரிக்கப் பட்டியலைப் பற்றி அவருக்கு எழுதுவது வீண் வேலை.

சர்க்கார் பட்டியலைக் காட்டிலும் தனியார் தொகுப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் கெடுதல் செய்கின்றன. கலிபோர்னியாவில் கார் வாங்கப் போன ஒருவரை, அவர் பயங்கரவாதப் பட்டியலில் இருக்கக்கூடும் என்று கடன் விவர அறிக்கை காட்டியதால், விற்பனையாளர் திருப்பி அனுப்பினார். டிரான்ஸ்யூனியன் என்ற கடன் விவர நிறுவனம் முதற்பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து, பிறந்த தேதியைக் கவனியாமல் விட்டதே காரணம். அந்த நிறுவனத்தின் கோப்புகளில் அதே களங்கத்தோடு இருந்தவர்கள் 8,185 பேர் என்பது 2021இல் அமெரிக்க உச்ச நியாயஸ்தலம் வரை சென்ற வழக்கில் வெளிப்பட்டது. லண்டனில் ஃபின்ஸ்பரி பார்க் மசூதியின் வங்கிக் கணக்கு மூடப்பட்டபின், தாம்ஸன் ராய்ட்டர்ஸின் 'வேர்ல்ட் செக்' தொகுப்பு அதைப் பயங்கரவாதத்தோடு சேர்த்துக் குறித்திருந்தது தெரியவந்தது. 2017இல் அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டு 10,000 பவுன் கொடுத்தது. ஆகையால் வங்கி காரணம் சொல்லாவிட்டால் நீங்களே கடன் விவர அறிக்கையை வரவழைத்துப் படியுங்கள். தவறு இருந்தால் எழுத்து மூலம் ஆட்சேபியுங்கள்; அமெரிக்காவில் அதைப் பொதுவாக 30 நாட்களுக்குள் மறுபடி விசாரிக்கும் கடமை அந்த நிறுவனத்துக்கு உண்டு. இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமை சட்டப்படி உங்களுடையது.

அதிகாரிகள் கடைக்கு வந்தால் என்ன செய்வது என்பதில் நம் மக்கள் காட்டும் அசட்டை அச்சமூட்டுகிறது. அமெரிக்காவில் பொதுவாகப் பேச மறுப்பது குற்றமன்று. பொய் சொல்வது குற்றம். அமெரிக்காவில் கூட்டாட்சி அதிகாரியிடம் முக்கியமான விஷயத்தில் அறிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டு வரையும், அது பயங்கரவாதம் பற்றிய விவகாரமானால் 8 ஆண்டு வரையும் சிறை கிடைக்கலாம். மறதியால் சொன்னதையும் பொய்யென்று வாதிக்க அவர்களால் முடியும். வந்தவரின் பெயர் அட்டையை மரியாதையாக வாங்கிக்கொண்டு, 'என் வழக்கறிஞர் உங்களோடு பேசுவார்' என்ற ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோதனை உத்தரவு கொண்டு வந்திருந்தால் தடுக்காதீர்கள்; அதில் நீதிபதியின் கையெழுத்தும் உங்கள் கடையின் சரியான விலாசமும் இருக்கின்றனவா என்று பார்த்து, நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். எடுத்துச் செல்லும் ஒவ்வொரு பொருளுக்கும் ரசீது தருவது அவர்கள் கடமை. அந்த ரசீது இல்லாமல், கணக்குப் புத்தகத்தையும் கணிப்பொறியையும் திருப்பித் தரும்படி பின்னால் நியாயஸ்தலத்தில் கேட்பது மிகக் கடினம். ஆங்கிலம் தடுமாறுமானால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லத் தயங்காதீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையை நடுவே நிறுத்திப் பேசவைக்காதீர்கள்.

பணம் அனுப்பும் தொழில் செய்பவர்கள் இதைக் கூர்ந்து படிக்க வேண்டும். அல் பரகாத் விவகாரத்தையொட்டி பாஸ்டனில் ஒருவர் சிறை சென்றார். பயங்கரவாதத்துக்காக அன்று, மாநில உரிமம் இல்லாமல் பணம் அனுப்பிய குற்றத்துக்காக, ஒன்றரை ஆண்டு. பெரிய பழி நிற்காவிட்டாலும் சிறிய குறையைப் பிடித்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் நிலையத்தின் சொந்தக்காரர் 'ஃபின்சென்' என்ற நிதிக்குற்றத் தடுப்பு அமைப்பில் 107ஆம் எண் படிவத்தின் மூலம், தொழில் தொடங்கிய 180 நாட்களுக்குள் பதிந்து, இரண்டு ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு மேல், ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும், மாநில உரிமமும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. கனடாவில் 'ஃபின்ட்ராக்'கில் பதிய வேண்டும். அனுப்பியவர் பெயர், பெறுபவர் பெயர், தொகை, தேதி, அடையாள ஆவணம் இவையில்லாமல் 'தெரிந்தவர்தானே' என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் முதலெழுத்தை மட்டும் குறித்துப் பணம் வாங்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

முன்பே சொன்னதை மறுபடியும் சொல்கிறேன், ஏனெனில் இதைத்தான் யாரும் கேட்பதில்லை: கடிதம் வந்தபின் பணத்தை மனைவி பெயருக்கோ மைத்துனர் பெயருக்கோ மாற்றாதீர்கள். முடக்கப்பட்டிருக்கும் நிலையில் அந்த ஒரு காரியமே தனிக் குற்றமாகலாம். அதுவரை ஆதாரமின்றித் தவித்த அதிகாரிக்கு நீங்களே ஆதாரம் செய்து கொடுத்தவராவீர்கள். பழைய கணக்குகளைக் கிழிக்காதீர்கள், கணிப்பொறியிலிருந்து அழிக்காதீர்கள். உங்களைக் காப்பாற்றப்போவதே அவைதாம்.

பெயர் நீங்கிவிட்டது, அல்லது நீங்கள் அவரல்லர் என்று எழுத்தில் வந்துவிட்டது என்றால், வேலை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. பழைய பட்டியலை வாங்கி வைத்திருக்கும் வங்கிகளும் தகவல் தொகுப்பாளர்களும் அதைத் தாமே திருத்துவார்கள் என்று நம்புவதற்கில்லை. அந்த ஆணையின் நகலை உங்கள் வங்கிக்கும், கடன் விவர நிறுவனங்களான எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றுக்கும், காப்பீட்டு நிறுவனத்துக்கும், சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டுகளை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். விமானப் பிரயாணத்தில் தொல்லை தொடருமானால் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 'டிரிப்' என்னும் பயணிகள் குறைதீர்ப்புப் பிரிவில் தனியாக விண்ணப்பித்து, அவர்கள் தரும் எண்ணைப் பயணச்சீட்டு எடுக்கும்போதெல்லாம் குறிப்பிடுங்கள்.