தீவனப் பயிரின் தண்டு: உறுதியும் சத்தும்

பசுந்தீவனக் கட்டின் எடையில் பெரும்பகுதி தண்டே ஆகும். எனவே தண்டின் தன்மையை அறிந்தே அறுவடைக் காலத்தை நிர்ணயித்தல் வேண்டும்.

பம்பாய் நகரத் தொழுவங்களிலிருந்த எருமைகளைப் புறநகருக்கு மாற்றும் பொருட்டு 1949-ஆம் ஆண்டில் ஆரே பால் குடியிருப்பு நிறுவப்பட்டது. அங்கு தீவனமாகப் பாரா புல் பயிரிடப்பட்டது. இப்புல் தரையில் படர்ந்து கணுக்களில் வேர்விடுவதால், தன் பாரத்தைத் தானே முழுவதும் தாங்க வேண்டுவதில்லை. தீவனச் சோளத்தின் நிலை வேறு. ஆளுயரத்திற்கும் மேல் வளரும் அப்பயிர் காற்றையும் மழையையும் எதிர்த்து நிற்றல் வேண்டும். சாய்ந்துவிட்டால் தண்டு மண்ணிற் புரண்டு அழுகும், அறுப்பதும் கடினமாகும்.

சோளத்தண்டின் நடுவிலுள்ள சோற்றுப் பகுதி மென்மையானது. உறுதியைப் பெரும்பாலும் தருவது புறப்பட்டையே. அங்குள்ள தடித்த உயிரணுச் சுவர்களில் செல்லுலோஸ் இழைகள் இரும்புக் கம்பிகளைப் போலவும், லிக்னின் அவற்றைப் பிணைக்கும் காரையைப் போலவும் அமைந்துள்ளன. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் செல்லுலோஸைச் சிதைத்துச் சத்தாக்க வல்லவை. ஆனால் லிக்னினை அவை சிதைப்பதில்லை. அது சூழ்ந்துள்ள செல்லுலோஸும் அவற்றிற்கு எளிதிற் கிட்டுவதில்லை. தண்டை நிமிர்த்தி வைக்கும் பொருளே சீரணத்திற்குத் தடையாகிறது.

பயிர் முதிருந்தோறும் லிக்னின் மிகுகிறது. புரத விகிதம் குறைகிறது. எடை கூடட்டும் என்று உழவர் காத்திருப்பின், கட்டு கனக்கும். கறவை பெறும் பயன் அதற்கேற்பக் கூடாது.

லிக்னின் குறைந்த பயிரை உண்டாக்கலாகாதா எனக் கேட்கலாம். இலையின் நடுநரம்பு பழுப்பாகத் தோன்றும் அத்தகைய மக்காச்சோள வகை 1924-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. பின்னர் சோளத்திலும் இவ்வகை உண்டாக்கப்பட்டது. இவை எளிதிற் சீரணமாகின்றன. எனினும் இவற்றுட் பல சாயும் இயல்புடையன, விளைச்சலும் குறைவதுண்டு.

ஆகவே அறுவடைக் காலமே நம் கையிலுள்ள கருவியாகும். ஒருமுறை அறுக்கும் தீவனச் சோளத்தைப் பாதிப் பயிர் பூத்த நிலையில் அறுத்தல் நன்று. மிக இளம் சோளத்தில் சயனைடு நஞ்சு உண்டாதலால், அதனை மாடு மேய விடலாகாது. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை முதலில் 75 முதல் 80 நாட்களிலும், பின்னர் 45 நாட்களுக்கு ஒருமுறையும் அறுக்கலாம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஒரே பருமனுள்ள இளந்தண்டு ஒன்றையும் முதிர்ந்த தண்டு ஒன்றையும் இரு மேசைகளுக்கிடையே வைத்து, நடுவில் எடைக்கற்களைத் தொங்கவிடுக. எது முதலில் முறிகிறது என்பதைக் கண்ட மாணவர், எது மாட்டிற்கு உகந்தது என்பதையும் உணர்வர்.