கொஞ்சம் பாத்து...

அரக்கோணம் மார்க்கத்தில் மின்சார ரயிலேறுகிற எவருக்கும் அந்த வரி மனப்பாடம்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." வண்டி எந்த பிளாட்பாரத்துக்கு வருகிறது என்பதற்காகத்தான் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்தக் 'கனிவான' யார் காதிலும் விழுவதில்லை. ஆனால் அதை அங்கே போட்டவர் கெட்டிக்காரர். அதே அறிவிப்பு இந்தியில் 'க்ருபயா' என்று கேட்டுக்கொள்கிறது. தமிழில், காய் பழுப்பதுபோல நம் கவனம் பழுக்கட்டும் என்கிறது.

பத்து வருடமாக வேப்பம்பட்டில் ஏறி இறங்குகிறேன். இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு யோசித்ததில் தெரிந்தது: அன்பு காட்டுவதற்கு நம்மிடம் உள்ள சொற்களில் பாதி தண்ணீரும் பதமும் சம்பந்தப்பட்டவை. ஈரம், கசிவு, உருக்கம், இளக்கம், நெகிழ்ச்சி, கனிவு. இரக்கம் இல்லாதவனைத் திட்டக் கல்லைத்தான் தேடுகிறோம். ஏட்டில் இரங்குவது வேறு, இறங்குவது வேறு. பேச்சில் இரண்டும் ஒன்றாகி, "மனசு எறங்கி வரணுமே" என்கிறோம்.

இன்னொரு பாதி மேலேயிருந்து வருவது. கருணை, கிருபை, தயவு. கொடுப்பவர் உயரத்தில், வாங்குபவர் பள்ளத்தில். இதில் 'தயவு' பட்ட பாடு தனிக்கதை. வள்ளலாருக்கு அது சாதாரணச் சொல் இல்லை. அவருடைய அம்மா சின்னம்மையாரின் ஊர் நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரிக்குப் பக்கத்திலுள்ள சின்னக்காவணம். அப்பா இறந்தபின் கைக்குழந்தையாக அவரை அங்கேதான் தூக்கி வந்தார்கள். பிறர் பசியைக் கண்டு உயிர் உருகுவதே வழிபாடு என்றவர், 1867இல் வடலூர் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அவர் வழி நடக்கும் சன்மார்க்கத்தார் இன்றும் பெயருக்கு முன்னால் 'தயவுத்திரு' என்று போடுவதுண்டு. நமக்கோ, தயவு என்றால் 'தயவு செய்து இங்கே குப்பை கொட்டாதீர்'.

கருணை அரசாங்க வேலைக்குப் போய்விட்டது. கருணை மனு, கருணைத் தொகை, கருணை அடிப்படையில் பணி நியமனம். பல ஆண்டுகளில் தீபாவளிக்கு முன்னால் அரசுப் பொதுத்துறை ஊழியர்களுக்கு அறிவிப்பு வரும்: 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை, ஆக 20. முதல் எண் போனஸ் சட்டம் வைத்த குறைந்தபட்சம். அதற்கு மேலே உள்ளதெல்லாம் கருணை. ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டானாலும் காக்களூர் சிட்கோவானாலும் தொழிலாளி கேட்பது, "இந்த வருஷம் எத்தினி பர்சன்ட்?" என்றுதான். உழைத்த கூலியில் எது உரிமை, எது கருணை என்று அவர் பிரித்துப் பார்ப்பதில்லை. பணியிலிருக்கும்போதே இறந்தவரின் பிள்ளைக்குக் கிடைக்கும் வேலையும் இப்படித்தான். ஆபீஸ் பேப்பரில் அது 'கருணை அடிப்படை'. தெருவில் 'வாரிசு வேலை'. ஜனங்கள் அந்தச் சொல்லைக் கைமாற்றிவிட்டார்கள். எனக்கு அவர்கள் சொல்தான் சரியென்று படுகிறது.

சில சமயம் அரசும் சரியாகச் செய்யும். கும்மிடிப்பூண்டி உள்ளிட்ட ஊர்களில் இருந்த 'இலங்கை அகதிகள் முகாம்'களுக்கு 2021 ஆகஸ்டில் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறினால் கூரை ஒழுகுவது நிற்காது. ஆனாலும் பிறந்ததிலிருந்து இங்கேயே வளர்ந்த பிள்ளை, விலாசம் எழுதும்போது 'அகதி' என்று எழுத வேண்டாம்.

வள்ளுவர் இதையெல்லாம் யோசித்துத்தான் பங்கு பிரித்திருக்கிறார். அன்புடைமையைக் குடும்பஸ்தனுக்கு வைத்தார், இல்லறவியலில். அருளுடைமையைத் துறவிக்கு. ஆட்சி செய்கிறவனுக்கு? 58ஆவது அதிகாரம், கண்ணோட்டம். குடிகளை மிரட்டக்கூடாது என்பதற்கும் ஒற்றர்களை வைத்துக்கொள்வதற்கும் நடுவே அதைச் செருகியிருக்கிறார். அதிகாரம் உள்ளவன், எதிரே நிற்பவனின் நிலைமையைக் கண்ணால் பார்த்து, அதற்குத் தகுந்தபடி கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. அது இல்லாத கண்ணைப் புண் என்றே சொல்லிவிடுகிறார் மனிதர்.

இன்று பத்திரிகையில் 'கண்ணோட்டம்' என்றால் பார்க்கும் கோணம், அவ்வளவுதான். பழைய பொருள் செத்துவிட்டது என்று தமிழாசிரியர்கள் வருத்தப்படுவார்கள். சாகவில்லை. "கொஞ்சம் பாத்து பண்ணுங்க சார்" என்று தாலுகா ஆபீஸில் ஒருவர் நிற்கிறாரே, அவர் கேட்பது அதைத்தான். என்னைப் பார், என் நிலைமையைப் பார், பிறகு சட்டத்தைப் பார். "கொஞ்சம் பாத்து போட்டுக் குடுங்க" என்று காய்கறிக்காரரிடம் கேட்பதும் அதே. எதிர்முனையில் இதே சொல்லுக்கு அழுக்கு ஏறியிருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். "நீங்களும் பாத்து கவனிங்க" என்றால் பாக்கெட்டைத் தொடவேண்டிய நேரம். விருந்தாளிக்குச் செய்வதும் கவனிப்பு, மேஜைக்கடியில் போவதும் கவனிப்பு. ரயில்வேக்காரர்கள் 'கனிவான' என்று சேர்த்தது நல்லதாய்ப் போயிற்று.

எங்கள் ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் அம்மாவிடம் நான் பாத்துப் போடச் சொல்வதில்லை, சொல்லாமலே போடுவார். முழங்கையை நீட்டி அளந்துவிட்டு, நறுக்கும் முன் ஒரு சாண் தள்ளிப் பிடிப்பார். "போனா போவுது, வெச்சுக்கோ." அளந்தது வியாபாரம், அந்த ஒரு சாண் கொசுறு. தயவு, கருணை என்று எந்தப் பெயரும் அதற்கு ஒட்டாது.

போன செப்டம்பர் 17 சாயங்காலம், கம்பெனி சட்டையோடு வடக்கத்திப் பையன் ஒருவன் வந்து நின்றான். சாமந்திச் சரத்தைக் காட்டினான். விலை சொன்னதும், "அம்மா, கம்மி" என்றான். அவன் ஊரிலும் நம் ஊரிலும் செல்லுபடியாகிற சொல் அது.

"இன்னா சாமிக்குப்பா?"

"விஸ்வகர்மா. மிஷின் பூஜா."

"நம்ம ஆயுத பூஜ மாதிரியாட்ட இருக்குது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "பாவம், ஊரு உட்டு ஊரு வந்து சாமியயும் கூட்டிக்கினு வந்திருக்குது."

பாவம் என்பது எப்படி இரக்கமாயிற்று என்பது எனக்கு இன்னும் பிடிபடாத விஷயம். நரகத்துக்கு அனுப்பும் சொல்லையே எடுத்து, பிறர் கஷ்டத்தைப் பார்த்ததும் நாக்கில் வைத்துக்கொள்கிறோம். 'பாவம் பாத்து' என்று கூடவே ஒரு 'பாத்து'வும் ஒட்டிக்கொள்கிறது.

இரண்டு முழத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு மூன்று முழமாவது இருக்கும், இலையில் சுருட்டிக் கொடுத்தார். அவன் தண்டவாளப் பக்கம் திரும்பினான். தூரத்தில் திருவள்ளூர் வண்டியின் ஹாரன்.

"பாத்துப் போப்பா!"

அவன் திரும்பி, "ஹாங், அம்மா" என்றான். பூப்பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி நின்று, இரண்டு பக்கமும் பார்த்தான்.