எண்ண வந்தவனை எதிர்த்த பெண்கள்

ஆப்பிரிக்கா என்றதும் அடர்ந்த காடும் சீறும் சிங்கமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அங்கே வயலில் விதைத்தவள் யார்? எண்ணெய் பிழிந்தவள் யார்? சந்தையில் விற்றவள் யார்? பெண்!

1929 நவம்பர். வெள்ளையர் ஆண்ட தென்கிழக்கு நைஜீரியாவில் ஒலோக்கோ என்னும் ஊர். செம்பனை எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த நுவான்யெருவா என்ற பெண்ணிடம், ஆடு எத்தனை, ஆள் எத்தனை என்று எண்ண வந்தான் ஒருவன். 1928இல் ஆண்கள்மீது வரி விழுந்ததைக் கண்டவளல்லவா அவள்? இன்று கணக்கென்பான், நாளை வரியென்பான் என்று புரிந்துகொண்டாள், எதிர்த்து நின்றாள்! சந்தைக்குச் சந்தை செய்தி பறந்தது. ஆயிரம் ஆயிரமாய்ப் பெண்கள் திரண்டனர். துப்பாக்கி சுட்டது, 50க்கும் மேற்பட்ட பெண்கள் மாண்டனர். ஆயினும் பெண்கள்மீது வரி போடும் துணிவு ஆட்சிக்கு வரவில்லை!

விருதுநகர் வட்டாரத் தோழர்களே! சாத்தூரிலே தீப்பெட்டி அடைப்பவள் யார்? சிவகாசியிலே பட்டாசு செய்கிறவள் யார்? நம் தாய், நம் தங்கை! அவள் செய்து முடித்ததை எண்ணித்தான் கூலி தருகிறார்கள். நம் சங்கக் கூட்டத்தில் அவள் குரலை எண்ணினோமா? அடுத்த கூட்டத்திற்கு அவளையும் அழைப்போம். முன்வரிசையில் அமரட்டும், கூலியைப் பற்றி அவளே பேசட்டும்!