ஆள் போகும் முன்னே சேதி போகணும்



நம்ம வீட்டுக்குத் திடீர்னு நாலு பேர் வந்து நின்னா என்ன செய்வோம்? அரிசி களைந்து, அடுப்பைப் பற்றவைத்து, சோறு போட ஒரு மணி நேரம் ஆகிவிடும். "கிளம்பிட்டோம்"னு முன்னாடியே ஒரு போன் வந்திருந்தால், அவர்கள் வாசலில் கால் வைக்கும்போது சோறு வெந்திருக்கும். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் இப்படித்தான். விருந்தாளியாவது காத்திருப்பார். வடியும் ரத்தம் காத்திருக்காது.

நம் உறுப்பினர் ஒருவர் நடவு வேலைக்குப் போகும்போது வேன் கவிழ்ந்து அடிபட்டார். கிடைத்த வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆபரேஷன் டாக்டரைக் கூப்பிட்டார்கள், ரத்தத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் பிழைத்தார். ஆனால் அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இன்றும் நடுக்கம்தான். அங்கிருந்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. என்ன அடி, எப்போது வருவோம் என்று நாம் சொல்லவே இல்லையே!

108 வண்டி செய்யும் வேலை

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. காசு கட்ட வேண்டாம். வண்டியில் டிரைவரோடு, முதலுதவி படித்த மருத்துவ உதவியாளரும் இருப்பார். தமிழக அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின்படி, வண்டி வந்து சேரும் முன்பே ஆஸ்பத்திரிக்குத் தகவல் போக வேண்டும்.

அடிபட்டவரின் வயது, எப்படி அடிபட்டது, எங்கே காயம், மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், நினைவு எப்படி, என்ன முதலுதவி செய்தார்கள், எத்தனை நிமிடத்தில் வருவார்கள் - சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

இந்தச் சேதி கிடைத்ததும் அங்கே அறுவை சிகிச்சை டாக்டர், எலும்பு டாக்டர், மயக்க மருந்து டாக்டர், நர்சு எல்லாரும் தயாராகலாம். ஸ்கேன் அறையைக் காலி செய்து வைக்கலாம். ரத்த வகை தெரியும் முன்பே அவசரத்துக்கு ஏற்றும் ஓ நெகட்டிவ் ரத்தத்தை எடுத்து வைக்கலாம். உயிருக்கு ஆபத்தானவருக்குச் சிவப்பு, அடுத்தவருக்கு மஞ்சள், லேசான காயத்துக்குப் பச்சை என்று பிரித்துத்தான் பார்ப்பார்கள். நிலைமை முன்பே தெரிந்தால் சிவப்புப் பகுதியில் கட்டில் தயாராக இருக்கும். தலைக்காயம் பார்க்கும் டாக்டர் அங்கே இல்லையென்றால், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிடலாம். வீண் அலைச்சல் இல்லை.

நாம் செய்ய வேண்டியது என்ன?

இந்தச் சேதியின் முதல் வரி நம்ம வாயிலிருந்துதான் போகிறது. "ஆக்சிடென்ட், சீக்கிரம் வாங்க"ன்னு கத்திட்டு போனை வைத்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

1. ஊர், சாலை, பக்கத்தில் உள்ள கோவில், பள்ளிக்கூடம் அல்லது மைல்கல்லைச் சொல்லுங்கள்.
2. எத்தனை பேருக்கு அடி, பேசுகிறாரா, மூச்சு இருக்கிறதா, ரத்தம் எங்கே வருகிறது என்று சொல்லுங்கள். கர்ப்பிணி என்றால் மறக்காமல் சொல்லுங்கள்.
3. அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.
4. ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். சோடா, தண்ணி எதுவும் வாயில் ஊற்றாதீங்க. புரையேறும். ஆபரேஷனுக்கும் ஆபத்து.
5. வேறு வண்டியில்தான் போக முடியும் என்றால், ஒருவர் கூடவே போகட்டும். இன்னொருவர் அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போன் போட்டு இதே விவரங்களைச் சொல்லட்டும்.

"போலீஸ், கேஸுன்னு நம்மள இழுப்பாங்களே?" என்ற பயம் பலருக்கு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தப்படி, நல்லெண்ணத்தோடு உதவி செய்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. பெயர், முகவரி சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு வேலை செய்வோம். நம் பகுதி அரசு ஆஸ்பத்திரிக்கு நேரில் போய் அவசரப் பிரிவின் போன் நம்பரைக் கேட்டு வாங்குவோம். அதைத் தீர்மான நோட்டின் முதல் பக்கத்திலும், ஒவ்வொருவர் செல்போனிலும் ஏற்றி வைப்போம். சேமிப்புப் பணம் மாதிரிதான் இதுவும். எப்போது தேவைப்படும்னு தெரியாது. தேவைப்படும்போது கையில் இருக்கணும்.